யாழ்ப்பாணம் போகும் வழியில் வன்னியில் ஒரு நாள் நின்றால் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது? குளத்தில் நீந்தலாமா?

“போகும் வழியில்” என்று கேட்டதால்தான் எழுதுகிறேன். லண்டனிலிருந்து வருகிறீர்கள், வான் வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் வருவீர்கள், முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு பறந்துவிடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான். அங்கிருந்து கொஞ்சத் தூரத்திலேயே இரணைமடு இருக்கிறது. 1902இல் கட்டத் தொடங்கிய குளம், இப்போது 36 அடி உயரத்துக்குத் தண்ணீர் கொள்ளும். அணைக்கட்டில் ஏறி நின்றால் அக்கரை தெரியாது.

நீந்தலாமா என்றால், குளத்துக்குள் வேண்டாம். கனடாவிலிருந்து வந்த என் மச்சானும் இதைத்தான் கேட்டான். கேட்டான் என்ன, காற்றடிக்கும் படகு ஒன்றையே கொண்டுவந்திருந்தான். “அங்கே ஏரியிலே விடுறதுதானே” என்று வியர்க்க வியர்க்கக் காலால் பம்ப் அடித்தான். பக்கத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “தம்பி, உது ஆருக்கு, முதலைக்கோ?” என்றார். மச்சானின் மனைவி அந்த இடத்திலேயே படகின் மூடியைப் பிடுங்கிவிட்டாள்.

பிறகு துருசுக்கு, அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகுக்கு, கீழே வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன். சிறுபோகத்துக்கு, கோடைகால நெல்லுக்கு, தண்ணீர் விட்டிருந்த நேரம். துருசடியில் நுரைத்துக்கொண்டு வரும், அங்கே இழுவை அதிகம். கொஞ்சம் தள்ளி, சனம் உடுப்புத் தோய்க்கும் படிக்கட்டில் இடுப்பளவுதான். சின்னவன் முதலில் காலை நனைக்கவே மாட்டேன் என்றான். மீன்குஞ்சுகள் விரலைக் கொத்தியதும் சிரிக்கத் தொடங்கியவனை மத்தியானம் வரை வெளியே எடுக்க முடியவில்லை. மூன்று மணிக்கு விராலைப் பொரித்துச் சோற்றோடு சாப்பிட்டோம்.

“நான் சின்ன வயதிலிருந்தே குளத்திலேதான் நீந்துகிறேன்” என்று யாராவது கீழே எழுதுவார்கள். நீங்கள் நீந்துங்கள் அண்ணே. எங்கே சேறு, எங்கே பட்டமரக் கட்டை என்று உங்களுக்குத் தெரியும். லண்டன் பிள்ளைக்குத் தெரியாது. நான் யாரையும் பயமுறுத்தவில்லை.

வழி என்றதும் இன்னொன்று. கொழும்பில் இரவு பஸ் ஏறிக் கிளிநொச்சியில் இறங்கினாலும் யாழ்ப்பாணம் வரைக்குமான காசைத்தான் வாங்குகிறார்கள். கேட்டால் “விருப்பமெண்டா ஏறுங்கோ”. மிச்சத் தூரத்துக்கு என் சீற்றில் யார் இருந்து போகிறார்? அதற்கும் காசு வாங்கியிருப்பார்கள்தானே!

சரி, எந்த மாதம் வருகிறீர்கள் என்று எழுதவில்லையே. ஆடி, ஆவணி என்றால் வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்களா என்று ஊரில் ஒருவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், பூட்டியிருந்தால் வெறும் மணல்தான். கார்த்திகை, மார்கழி என்றால் குளிப்பை மறந்துவிடுங்கள். குளம் நிரம்பி வான் கதவுகளால் தண்ணீர் பாய்வதைத் தள்ளி நின்று பார்க்கலாம், கிட்டப் போகக்கூடாது. 2018 மார்கழியில் ஒரே இரவு மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. தையில் வந்தால் சுண்டிக்குளம் பக்கம் போங்கள், பறவைகள் நிற்கும். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், அங்கே கடை தேடி அலைய வேண்டாம்.