முதலாளியின் மத நம்பிக்கை கடை நடத்தும் விதத்தை மாற்றுமா?

மாற்றும். திருநெல்வேலியில் இரண்டு கடைகளில் கணக்கு எழுதியவன் நான்.

முதலாவது மேலப்பாளையத்தில் சாரம் மொத்த வியாபாரம் (லுங்கிக்கு எங்கள் ஊர்ப் பேர் சாரம்). முதலாளி பாய் வட்டி வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். பேங்கில் ஓ.டி. (இருப்புக்கு மேல் கடனாக எடுக்கும் வசதி) கிடையாது; ஈரோட்டில் ரொக்கத்துக்குத்தான் கொள்முதல். தள்ளுபடி கிடைக்கும், சரி. ஆனால் தீபாவளி சமயத்தில் பக்கத்துக் கடைக்காரர் கடனுக்கு லோடு லோடாக இறக்குவார், நாங்கள் வேடிக்கை பார்ப்போம்.

ரமலான் வந்தால் எனக்கு இடுப்பு ஒடியும். ஜகாத் (முஸ்லிம்கள் வருடா வருடம் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மம்) கணக்கு. கையிருப்பு, சரக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து, இரண்டரை சதவீதம் எடுத்து வைக்க வேண்டும். குடோன் மூலையில் பூச்சி அரித்த மூன்று கட்டுகள் கிடந்தன. "இதை விட்டுருவோமே முதலாளி" என்றேன். "கழிவு விலைக்குப் போகும்லா, அந்த விலையைப் போடு தம்பி" என்றார். வருமான வரிக்குக்கூட அப்படிச் சரக்கு எண்ணியதில்லை. நோன்பு வைக்காத எங்கள் நாலு பேருக்கும் பகல் டீ நிற்காது. குடோனுக்குள் வைத்துக் குடிப்போம்.

அங்கேயும் ஒரு கரைச்சல் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அடைத்த இரண்டு மணி நேரத்தை இரவில் நாங்கள் ஈடுகட்ட வேண்டும்.

கணக்கெழுதுகிறவனுக்கு இதில் ஒரு கேள்விதான்: நம்பிக்கைக்கு ஆகும் செலவு யார் பேரில் பற்று? அமெரிக்காவில் ஹாபி லாபி நிறுவனத்தின் கிறிஸ்தவ முதலாளிகள், ஊழியர் காப்பீட்டில் நான்கு வகைக் கருத்தடைக்குப் பணம் கட்ட மாட்டோம் என்று வழக்காடி, 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று ஜெயித்தார்கள். அங்கேயும் சண்டை இந்தப் பற்று வரவுதான்.

அப்புறம் ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய கடை. அட்டெண்டன்ஸ் நோட்டு சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். தீபாராதனை முடிந்து வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. வேதக்கார (கிறிஸ்தவ)ப் பிள்ளை ஒருத்தி தினமும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து நின்றுவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். ஆனித் தேரோட்டத்துக்கு முதலாளி பேரில் அன்னதானம், தெரு நீளத்துக்கு ஃபிளெக்ஸ். தீபாவளிக்கு போனஸ் கவரைப் பிரித்தால் ஆளுக்கு ஐந்நூறு குறைந்தது. அவருடைய குலசாமி கோயில் கொடைக்கு வரியாம். இருபது பேர் வேலை பார்த்தாலே குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்பது சட்டம்; நாங்கள் முப்பது பேர். கேட்டதற்கு, "சாமிக்குத்தானய்யா" என்றார்.

பேரேட்டில் அதை 'ஊழியர் நன்கொடை' என்று எழுதியது நான்தான்.