சாவியைத் தேடியே பொழுது போகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 61. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். பணியில் இருந்தவரை ஒரு முத்திரைத்தாள்கூடக் கணக்கில் குறைந்ததில்லை. இப்போது மூக்குக் கண்ணாடி, வண்டிச் சாவி, செல்போன், பாஸ்புக் என்று வீட்டுக்குள்ளேயே எதையாவது தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்காத ஆத்திரத்தில் மனைவியிடம், "நீதான் எடுத்து எங்கேயோ வெச்சிருப்பே" என்று கத்துகிறேன். தேடியது என் சட்டைப்பையிலேயே இருக்கும்போது கூனிக்குறுகிப் போகிறேன். அவளோ இப்போதெல்லாம் பேசாமல் தேடித் தருகிறாள். அந்த மௌனம்தான் அதிகம் உறுத்துகிறது. என் பெரியப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். தும்மலுக்கு ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை. வேறு வியாதி இல்லை.

— ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், தஞ்சாவூர்

அன்புள்ள ஐயா,

கருவூலத்தில் முத்திரைத்தாள் இரட்டைப் பூட்டுக்குள் இருந்தது. இரண்டு சாவி, இரண்டு பொறுப்பாளர்கள், வெளியே எடுத்தால் பதிவேட்டில் கணக்கு. எது எங்கே என்பதை அங்கே உங்கள் ஞாபகம் சுமக்கவில்லை, முறை சுமந்தது. ஒரே மேஜை, ஒரே பை, கிளம்புவதற்கு ஒரே நேரம், எல்லாமே அந்த முறையில் சேர்த்தி. ஓய்வோடு அது மொத்தமாகப் போய்விட்டது. இன்று கண்ணாடியைக் கழற்றி வைக்க வீட்டில் பத்து இடம் இருக்கிறது.

வைத்த இடம் மறந்துவிட்டது என்கிறோம். பெரும்பாலும் அது மனதில் பதியவே இல்லை என்பதுதான் உண்மை. சாவியை வைக்கும் நொடியில் போன் அடிக்கிறது. கை தானாக வைத்துவிடுகிறது, கவனம் போனில். பதியாத ஒன்றை எவ்வளவு யோசித்தாலும் வெளியே எடுக்க முடியாது. வயது கூடக்கூட ஒரே சமயத்தில் இரண்டைக் கவனிப்பது சிரமமாகும். "மறுபடி தொலைச்சிட்டேனே" என்ற பதற்றம் மிச்சக் கவனத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

எனவே முறையைத் திரும்பக் கட்டுங்கள். வீடு முழுவதையும் ஒரே நாளில் ஒழுங்கு செய்யாதீர்கள், அது நிலைக்காது. முதல் இரண்டு மூன்று வாரம் சாவியும் கண்ணாடியும் மட்டும். வாசற்கதவுக்கு உட்புறம், தோள் உயரத்தில் சாவிக்கு ஒரு கொக்கி. அதன் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் கண்ணாடி, பிறகு போன், பர்ஸ் தவிர எதுவும் கூடாது. ரசீதும் சில்லறையும் சேர்ந்தால் வாரத்தில் அது குப்பைத் தட்டாகிவிடும். இழுப்பறை வேண்டாம், மூடினால் கண்ணுக்குத் தெரியாது. சாவிக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு நாடா கட்டுங்கள், கறுப்புச் சாவிக்கொத்து தேக்கு மேஜையில் மறைந்துபோகும். கண்ணாடிக்குக் கழுத்துக் கயிறு நல்லது. வைக்கும்போது "சாவியைக் கொக்கியில் மாட்டுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு நொடி கவனம் அங்கே நிற்கும். பாஸ்புக், பென்ஷன் காகிதங்களை ஒரே ஃபைலில் வைத்து, பேங்கிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு பீரோவில் வையுங்கள். "அப்புறம் எடுத்து வைக்கலாம்" என்று வைக்கும் இடத்தில்தான் பொருள்கள் தொலைகின்றன.

தேட வேண்டி வந்தால் முதலில் உட்காருங்கள். கடைசியாக எப்போது பயன்படுத்தினேன் என்று கேட்டுக்கொண்டு, சட்டைப்பை, படுக்கை, குளியலறை என்று தொடங்குங்கள். ஓரிடத்தை ஒரே முறை, மேலிருப்பதைத் தூக்கிப் பார்த்து முடியுங்கள். பதற்றத்தில் அதே மேஜையை நான்கு தடவை மேலோட்டமாகப் பார்ப்பதால்தான் கண்ணெதிரே இருப்பதும் தப்புகிறது. உங்களுடையது ஆண்ட்ராய்டு போன் என்றால், கூகுளின் தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் வசதியை மனைவியின் போனில் இன்றே அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் சைலன்ட்டில் இருந்தாலும் முழுச் சத்தத்தில் ஒலிக்கும்; அதற்கு அது ஆன் செய்யப்பட்டு நெட் இணைப்பில் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவியின் மௌனம் கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்குள் இருக்கும் அதே பயம் அவருக்கும் இருக்கலாம். பெரியப்பாவைப் பற்றிய நினைப்பை அவரிடம் சொல்லுங்கள். தட்டில் இருப்பதை அவர் தொடக் கூடாது. வேறெங்காவது உங்கள் பொருளைக் கண்டால் பேசாமல் தட்டில் வைத்துவிட வேண்டும். உங்கள் பங்கு, "எங்கே வெச்சே?" என்பதை விட்டு, "என் கண்ணாடியைப் பாத்தியா?" என்று கேட்பது.

பெரியப்பாவுக்கு முதுமையில் வந்தது என்பதாலேயே உங்களுக்கும் வந்துவிடாது. தேடி, வந்த வழியை யோசித்துக் கண்டுபிடிக்க முடிகிறவரை அது சாதாரணம். பர்ஸ் அரிசி டப்பாவில் கிடப்பது, எப்படிப் போனது என்றே புரியாதது, தெரிந்த தெருவில் வழி தப்புவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, மற்றவர்கள் திருடிவிட்டதாக அடிக்கடி சந்தேகப்படுவது, பழகிய கணக்கில் தடுமாறுவது, இவற்றில் ஏதாவது தென்பட்டால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் மருத்துவரிடம் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அது குறைந்தால் மறதி வரலாம், ஆனால் மாத்திரையிலோ ஊசியிலோ ஈடுகட்டலாம். பி12, தைராய்டு இரண்டையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் சில மறுநாளும் மூளையை மந்தமாக்கும், அட்டையைக் காட்டி மாற்று கேளுங்கள். போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். மறதி பற்றி மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவரால்தான் சரியாகப் பதில் சொல்ல முடியும்.