சாஃப்ட்வேர் வேலைய வெளிய குடுத்தா நிஜமாவே செலவு குறையுமா?

பெரும்பாலும் குறையும், ஆனா மணிக்கணக்கு ரேட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. சொந்தமா ஆள் வச்சா வேலை இல்லாத மாசமும் சம்பளம் போகும், வெளிய குடுத்தா அது கிடையாது, மிச்சம் வர்றது பெரும்பாலும் அங்கதான். வீணாகுறது எங்கன்னா, "லாகின் பேஜ் வேணும்"னு ஒரு வரி அனுப்பிட்டு பாஸ்வேர்ட் மறந்தா என்ன பண்றது, ஓடிபி வேணுமான்னு எதுவும் சொல்லாம விட்டா, ஃபிக்ஸட் பிரைஸ்ல, அதாவது மொத்த வேலைக்கும் முன்னாடியே ஒரே விலை பேசுனா, ஒவ்வொண்ணும் தனி சேஞ்ச் ரிக்வெஸ்ட் (பேசுனதுக்கு மேல கேக்குற மாத்தம்), தனி பில் (சில பேருக்கு லாபமே அதுலதான்னு எனக்கு ஒரு சந்தேகம்). மணிக்கணக்கு பில்லிங்னா ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ ஓடுற டெமோ கேளுங்க. அப்புறம் கோட் ரெப்போ (கோட் எல்லாம் சேமிச்சு வைக்கிற இடம்), சர்வர், டொமைன் எல்லாம் முதல் நாள்லேந்தே உங்க அக்கவுண்ட்ல இருக்கணும், கோட் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தராவது உங்க பக்கம் இருக்கணும், இல்லன்னா நாளைக்கு வெண்டர, அதாவது வேலை செய்யுற கம்பெனிய, மாத்துறது ரொம்ப கஷ்டம்.