பயிற்சியில் ஏறிய மேடு பந்தயத்தில் ஏன் ஏறவில்லை?

கேள்வி: நான்கு ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். அண்மையில் 140 கி.மீ. ஒருநாள் சாலைப் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டேன். 90ஆவது கிலோமீட்டர் வரை கூட்டத்தின் கடைசியில் சிரமமில்லாமல் வந்தவன், ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத மேட்டில் பின்தங்கிவிட்டேன். அப்புறம் கூட்டத்தைப் பிடிக்கவே முடியவில்லை. அதே மேட்டைப் பயிற்சியில் இதைவிட வேகமாக ஏறியிருக்கிறேன். தொழில்முறை வீரர்கள் 250 கி.மீ. ஓட்டிய பிறகும் மேட்டில் பாய்கிறார்களே, எனக்கு என்ன குறை? பயிற்சியைக் கூட்ட வேண்டுமா?

பதில்: கால்களைச் சந்தேகப்படாதீர்கள். "கூட்டத்தின் கடைசியில்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். "சிரமமில்லாமல்" என்பதை மட்டும் நான் நம்பவில்லை.

அகலமான நேர்ச்சாலையில் கடைசி இடம் சொகுசானதுதான். ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பெரிய கூட்டத்தின் உள்ளே இன்னும் அதிகம். ஆனால் சாலை ஒரு இடத்தில் திரும்பட்டும். முதல் பத்துப் பேர் பிரேக்கைத் தொடாமலே வளைவை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைக்க, நூறாவது ஆள் கிட்டத்தட்ட நின்றே போவார். அவர் வளைவைத் தாண்டும்போது முன்னால் இருப்பவர்கள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். பத்து விநாடி எழுந்து நின்று மிதித்தால்தான் ஒட்ட முடியும். இப்படி 90 கிலோமீட்டரில் எத்தனை வளைவு, எத்தனை வேகத்தடை, எத்தனை ரவுண்டானா? சராசரி வாட் (மிதிக்கும் சக்தியின் அளவு) கணக்கில் இது தெரியாது. அந்தச் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் சைக்கிளில் இருந்தால் அந்தப் பந்தயத்தின் பதிவைத் திறந்து சராசரியை விட்டுவிட்டு உச்சங்களை எண்ணிப் பாருங்கள். மேட்டின் அடிவாரத்துக்கு வருவதற்குள்ளேயே உங்கள் கால் எத்தனை முறை ஸ்பிரிண்ட் அடித்திருக்கிறது என்று புரியும்.

மேட்டிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. குறுகிய சாலையில் நூறு பேர் நீண்டு ஏறும்போது முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இருபது விநாடிக்கு மேல் இடைவெளி வரலாம். முன்னால் ஏறத் தொடங்கியவர் மெதுவாக ஏறி, ஒவ்வொரு இடமாக வழுக்கி, உச்சியில் கடைசி ஆளாக வந்தாலும் கூட்டத்தில்தான் இருப்பார். கடைசியில் தொடங்கியவருக்கு வழுக்க இடமே கிடையாது. அதோடு உங்களுக்கு முன்னால் போகிறவர் மூச்சு வாங்கி இடைவெளி விட்டால் அதையும் நீங்கள்தான் மூட வேண்டும். அவர் விட்டது ஐந்து மீட்டராக இருக்கும், நீங்கள் கவனிப்பதற்குள் இருபது ஆகிவிடும்.

தொழில்முறை வீரர்கள் மேட்டுக்குப் பயப்படுவதைவிட மேட்டுக்கு முந்திய ஐந்து கிலோமீட்டருக்கு அதிகம் பயப்படுவார்கள். இத்தாலியில் நடக்கும் மிலான் - சான் ரெமோ ஒருநாள் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 290 கி.மீ. போன பிறகு வரும் பொஜ்ஜியோ மேடு 3.7 கி.மீ. நீளம், சராசரிச் சரிவு 4 சதவீதம்கூட இல்லை. நீங்களே ஏறிவிடுவீர்கள். ஆனால் கடலோரச் சாலையிலிருந்து அந்த மேட்டுக்குத் திரும்பும் முனையை நோக்கி, ஒவ்வொரு அணியும் தன் தலைவரை முன்னால் கொண்டுபோக, முடிவுக்கோட்டுக்குப் போவதுபோல் விரட்டும். உள்ளே நுழையும்போது நாற்பதாவது ஆளாக இருந்தால், எவ்வளவு பலமான கால் இருந்தாலும் பந்தயம் அநேகமாக முடிந்த மாதிரிதான். கல்சாலைகளுக்குப் பேர்போன பிரான்சின் பாரிஸ் - ரூபே பந்தயத்தில் ஆரன்பெர்க் காட்டுக் கல்சாலைக்கு முன்பும் இதே கதை. துணை வீரர்களில் பலருக்கு அன்றைய முழு வேலையே அந்தச் சில கிலோமீட்டர்தான். தலைவரைச் சரியான இடத்தில் விட்டுவிட்டுப் பின்தங்கிவிடுவார்கள். தொலைக்காட்சியில் "தோற்றுப்போனவர்" போலத் தெரிகிற அவர் தன் பந்தயத்தை முடித்துவிட்டார்.

இந்தச் சண்டையைத் தவிர்க்க ஒரு வழி, தொடக்கத்திலேயே பிரிந்து முன்னால் போகும் சிறு குழுவில் இருப்பது. ஆறு வாரம் முன்பு கை முறிந்திருந்த ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன் 2016 பாரிஸ் - ரூபேயில் அப்படித்தான் முன்னால் போனார். கடைசியில் அந்தப் பந்தயத்தை நான்கு முறை வென்றிருந்த டாம் பூனனையே ஸ்பிரிண்டில் வென்றார். உங்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், காற்றில் செலவாகும் சக்தி அதிகம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பந்தயத்துக்கு முன் பாதையைப் போய்ப் பாருங்கள். மேடுகளைவிடச் சாலை குறுகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிலோமீட்டர் எண்களைச் சீட்டில் எழுதி ஹேண்டில்பார் தண்டில் ஒட்டிவிடுங்கள், தொழில்முறை வீரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். முன்னேறுவதற்கு நல்ல நேரம் கூட்டம் மந்தமாகிச் சாலை முழுக்கப் பரவும்போது. எதிர்க்காற்றில் அது அடிக்கடி நடக்கும். தனியாகக் காற்றில் வெளியே போகாமல், ஓரமாக முன்னேறும் ஒருவரின் பின்சக்கரத்தைப் பிடித்துப் போங்கள். நூறு பேர் கூட்டத்தில் பதினைந்திலிருந்து முப்பதாவது இடம் போதும். அங்கேயே நிற்பது தனி வேலை. இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் இருபது பேர் உங்களைத் தாண்டிவிடுவார்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்க வேண்டாம், இரண்டு மூன்று ஆட்களைத் தாண்டிப் பாருங்கள். பிரேக் பிடிப்பது குறையும்.

பக்கத்தில் ஆள் உரசினால் பயமா? அதுதான் பலரைப் பின்னால் தள்ளுகிறது. நண்பர் ஒருவருடன் புல்தரையில் மெதுவாக ஓட்டித் தோளோடு தோள் இடித்துப் பழகுங்கள்.

சாப்பாட்டையும் இதற்கேற்ப வையுங்கள். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல இலக்கு. அதை மேட்டுக்குப் பத்துக் கிலோமீட்டர் முன்பே உள்ளே தள்ளிவிடுங்கள், இடத்துக்கு அடித்துக்கொள்ளும்போது கையை எடுக்க முடியாது.

இன்னொன்று: உச்சி வந்ததும் மூச்சு விடத் தோன்றும். முன்னால் இருப்பவர்கள் அப்போதுதான் வேகமெடுப்பார்கள், அதனால் பயிற்சியில் மேட்டை உச்சியோடு நிறுத்தாமல் அடுத்த அரை நிமிடமும் சேர்த்து மிதியுங்கள். அப்படியும் கழன்றுவிட்டால் தனியாகத் துரத்த வேண்டாம். திரும்பிப் பாருங்கள், உங்களைப் போலவே கழன்ற நாலைந்து பேர் வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் வரும்வரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மாறி மாறி முன்னால் இழுத்துப் போங்கள்.