விளக்கைக் குறையுங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மீன்தொட்டிக்குள் நீர்ச்செடிகளை வளர்க்கும் செடித்தொட்டி பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒரு மாதம் முன்பு தொடங்கினேன். தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். அடியில் செடிகளுக்கென்றே விற்கும் சத்து மண். கிரிப்ட், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மூன்றும் வைத்தேன். முன்பக்கம் புல்தரை மாதிரி படரும் ஒரு செடி. படங்களில் பார்ப்பதுபோல வரவேண்டும் என்று பலமான எல்.இ.டி. விளக்காக வாங்கி, தினமும் 12 மணி நேரம் எரியவிடுகிறேன். மூன்றாம் நாள் பத்து மீன்களை விட்டேன்.

இப்போது நான்கு மீன்கள் இல்லை. கிரிப்ட் இலைகள் கூழாகிக் கரைகின்றன. கண்ணாடியில் பழுப்புப் படலம், இலை ஓரங்களில் பச்சை நூல்நூலாகப் பாசி. எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் குட்டி நத்தைகள் வேறு. யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று வாங்கச் சொல்கிறார்கள்: பாசி மருந்து, நத்தை மருந்து, திரவ உரம், இதைவிடப் பெரிய விளக்கு. இதுவரை செலவழித்ததை நினைத்தாலே வயிறு எரிகிறது. “இயற்கையைப் பெட்டியில் அடைத்தால் இப்படித்தான்” என்கிறாள் என் மனைவி. கலைத்துவிடலாமா? அடுத்த மாதம் பத்து நாள் வெளியூர் போகிறோம், அந்தக் கவலை தனி.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கலைக்கவேண்டாம். முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான். விளக்கு எரியும் நேரத்தை 12 மணியிலிருந்து 6 மணியாகக் குறையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இருந்தால் பாதிக்கும் கீழே இறக்குங்கள். இல்லையென்றால் விளக்கை ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டுங்கள். ஜன்னல் வெயில் தொட்டிமேல் விழுமானால் திரையை இழுத்துவிடுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் காசு கரைவது பெரும்பாலும் ஒளியைத் துரத்தித்தான். முதலில் விளக்குக்குச் செலவு, பிறகு அந்த விளக்கு கொண்டுவந்த பாசிக்குச் செலவு.

ஒளி அதிகமானால் செடி நன்றாகத்தானே வளரவேண்டும் என்று தோன்றும். ஒளி இங்கே மேஸ்திரி. வேலையை விரட்டுவது அவர் பொறுப்பு. செங்கல்லும் கலவையும் வந்துசேராத இடத்தில் அவர் எவ்வளவு கத்தினாலும் சுவர் எழும்பாது. தண்ணீருக்குள் முதலில் தீர்ந்துபோகும் செங்கல் கரியமில வாயு. சாதாரணக் காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நீரில் அது அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரைந்திருக்கும். அதுவும் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையை ஒட்டியிருந்த வாயு தீர்ந்ததும் அடுத்தது வந்துசேரத் தாமதமாகிறது. விளக்கோ மேலே நின்று விரட்டுகிறது. செடி தளர்கிறது, பழைய இலைகளைக் கைவிடுகிறது. கொஞ்சத்தில் பிழைக்கத் தெரிந்த பாசி அந்த இலைகளிலேயே குடியேறுகிறது.

இதனால்தான் பலமான விளக்கு வைப்பவர்கள் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவையும் செலுத்துகிறார்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை ஏற்றுவார்கள். விளக்கு எரிவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு திறந்து, விளக்கு அணையும்போது மூடிவிடுவார்கள். இரவில் செடிகளும் மூச்சுவிட்டு அதே வாயுவைத்தான் வெளியேற்றும் என்பதால் அப்போது செலுத்துவது வீண், மீனுக்கும் ஆபத்து. அவர்கள் தொட்டியின் உள்பக்கம், வாயுவின் அளவைக் காட்டும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் திரவம் நீலமாக இருந்தால் வாயு போதவில்லை, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கப்போகின்றன. அழகான ஏற்பாடுதான், ஆனால் உங்களுக்கு இப்போது தேவையில்லை. நீங்கள் வைத்திருக்கும் கிரிப்ட், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மூன்றும் மங்கிய ஒளியில், தனியாக வாயு தராமலே வளர்பவை. முன்பக்கப் புல்தரைதான் இடறும். அந்த வகைச் செடிகளில் பல, வாயு இல்லாமல் படரவே படராது. பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விடுங்கள். அதற்காக விளக்கைக் கூட்டாதீர்கள்.

இனி கரையும் கிரிப்ட். பிடுங்கி எறிவதற்கு முன் ஒரு சோதனை. கூழான இலையை விரலால் லேசாக இழுங்கள், காம்போடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு மண்ணையொட்டி, எல்லாக் காம்புகளும் சேரும் குருத்துப் பகுதியை இரண்டு விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. விரலுக்குள் நசுங்கி, முகர்ந்தால் குப்பென்று நாறினால் மட்டும் எடுத்து எறியுங்கள். இதைச் செய்யாமல் எத்தனையோ பேர் நல்ல செடியைக் குப்பையில் போடுகிறார்கள்.

இலை கரைவதற்குக் காரணம் உண்டு. விற்பனைக்கு வரும் தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை பண்ணையில் வேரை மட்டும் ஈரத்தில் வைத்து, இலையைக் காற்றில் விட்டு வளர்க்கப்பட்டவை. காற்றில் விரிந்த இலைக்கு நீர் ஆவியாகாமல் காக்க மேலே மெழுகுப் பூச்சு உண்டு, மூச்சுவிட நுண்துளைகள் உண்டு. தண்ணீரில் மூழ்கியபின் இரண்டுமே உதவாது. அங்கே வேண்டியது மெல்லிய, நீரிலிருந்து நேரடியாக வாயுவை உறிஞ்சும் இலை. ஆகவே செடி பழைய இலைகளைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. கிரிப்ட் இதில் தனி ரகம், நீரின் தன்மை கொஞ்சம் மாறினாலும் மொத்தமாக இலையைக் கொட்டிவிடும். சில வாரங்களில் நடுவிலிருந்து சிறிய, நிறம் வேறான ஓர் இலை சுருளாக எழும். வேண்டாததைக் கத்தரித்து எடுத்துவிட்டுக் காத்திருங்கள். இடம் மாற்றி நடாதீர்கள்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேறு கதை. ரைசோம் என்று சொல்கிற தடித்த கிடைத்தண்டு இரண்டுக்கும் உண்டு. அதை மண்ணில் புதைத்தால் அழுகும். புதைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்து, ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுங்கள். வேர் தானாகப் பற்றிக்கொள்ளும்.

மீன்கள் போனதற்கும் விளக்குக்கும் சம்பந்தமில்லை. அது அம்மோனியா. மீன் கழிவிலும் மிஞ்சிய தீவனத்திலும் அழுகும் இலையிலும் அது உருவாகும். சத்து மண்ணில் பல வகைகள் முதல் சில வாரங்களுக்குத் தாமாகவே அதை நீரில் விடும். அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றவேண்டும். அதுவும் மீனுக்கு விஷம். பிறகு இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றவேண்டும். இது ஓரளவுக்கு ஆபத்தில்லை, செடிக்கு உணவும்கூட. இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரிலும் மண்ணிலும் போதிய அளவு பெருகச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் மூன்றாம் நாளே மீனை விட்டீர்கள். பத்தில் ஆறு பிழைத்திருப்பதே பெரிய விஷயம்.

எதுவும் வாங்கவேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்க ஒரு டெஸ்ட் கிட் வேண்டும். இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் மட்டும் கலந்திருந்தால் ஒருநாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் என்றால் அப்படிப் போகாது. எது என்று தெரியாவிட்டால், இரண்டையும் முறிக்கும் மீன்தொட்டிக் கண்டிஷனரைக் கலந்தபிறகே ஊற்றுங்கள். தீவனம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, மீன்கள் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் முக்கிப் பிழிந்தால் போதும். குழாயடியில் போவது அழுக்கு மட்டுமல்ல, இத்தனை வாரம் வளர்ந்த நுண்ணுயிர்களும்தான்.

இன்னொன்றும் வாங்கலாம். பார்த்தீர்களா, நானும் மற்றவர்களைப்போல ஆரம்பித்துவிட்டேன். வேகமாக வளரும் மலிவான தண்டுச்செடி ஏதாவது ஒரு கட்டு. ஹைக்ரோஃபிலா, ஹார்ன்வொர்ட் எதுவானாலும் சரி. உங்களிடம் இருக்கும் மூன்றும் மெதுவாக வளர்பவை, புதுத் தொட்டியில் மிதக்கும் சத்தை அவற்றால் உறிஞ்சித் தீர்க்க முடியாது. தண்டுச்செடி வாரத்துக்கு வாரம் நீளும். அம்மோனியாவை நைட்ரேட்டைவிட விரும்பி எடுத்துக்கொள்ளும். ஹைக்ரோஃபிலாவைச் சும்மா செருகினால் வேர் பிடிப்பதற்குள் மேலே வந்து மிதக்கும். ஆகவே தண்டின் அடிநுனியை நீள இடுக்கியின் முனையில் பிடித்து, மண்ணுக்குள் சாய்வாகச் செருகி, பிடியைத் தளர்த்தி, போன சாய்விலேயே இடுக்கியை வெளியே இழுங்கள். நேராக மேலே இழுத்தால் செடியும் கூடவே வரும். நிலைபெற்றபின் கத்தரித்தால், விளக்கு எரியும்போது வெட்டுப்பட்ட இடத்திலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறுவதைப் பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை தொட்டி வைப்பதற்கு அது ஒன்றே போதும்.

பழுப்புப் படலம் டயாட்டம் என்ற நுண்பாசி. பெரும்பாலான புதுத் தொட்டிகளில் வரும், சில வாரங்களில் தானே போகும், துடைத்தால் போதும். பச்சை நூலைப் பழைய பல்துலக்கியைக் கொண்டு சுற்றிச் சுற்றி எடுங்கள். பாசி மருந்து வேண்டவே வேண்டாம். சிலவற்றில் தாமிரம் இருக்கும், இறாலும் நத்தையும் அதில் சாகும். செத்த பாசி மொத்தமாக அழுகினால் நீரில் ஆக்சிஜனும் குறையும். திரவ உரத்தையும் இப்போதைக்கு மூடியே வையுங்கள், உங்கள் மண்ணில் சத்து இருக்கிறது. பிற்பாடு இலையே கேட்கும். பழைய இலைகளில் ஊசித்துளைகள் விழுந்தால் பொட்டாசியம் போதவில்லை. புது இலைகள் வெளுத்து வந்தால் இரும்புச்சத்து. பொட்டாசியத்தைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியும், இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால்தான் அறிகுறி இடம் மாறுகிறது.

நத்தைகளுக்கு வருவோம். 1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு சோதனையை வெளியிட்டார். 12 காலன் கண்ணாடிக் கலம், அதாவது சுமார் 55 லிட்டர். உங்கள் தொட்டியின் கனஅளவு 65 லிட்டர் வருகிறது. மண்ணும் கல்லும் போக மிச்சத்தைப் பார்த்தால் ஏறக்குறைய அதேதான். அதில் இரண்டு தங்கமீன்கள், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி ஒன்று. மீன் விடும் வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் படலம் படிந்தது. நீங்கள் எழுதிய கடிதமேதான். அவர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. வீட்டு மீன்தொட்டியின் வரலாறு எழுதுபவர்கள் தவறாமல் வந்து நிற்கும் இடம் அது. அவர் தேடிப் பிடித்து விட்டது உங்களுக்குச் செடியோடு இலவசமாக வந்திருக்கிறது. செடியோடு ஒட்டிவரும் குட்டி நத்தைகள் பொதுவாக நல்ல இலையைத் தொடுவதில்லை. அளவுக்கு மீறிப் பெருகினால் நீங்கள் தீவனத்தை அதிகமாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

உங்கள் மனைவி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்குள் இருப்பது இயற்கை அல்ல, தோட்டம். கத்தரிக்காமல் விட்டால் ஒரே செடி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். உங்களை மயக்கிய படங்களும் அப்படித்தான். ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோ இந்தக் கலையை உலகமெங்கும் கொண்டுபோனவர். 2015இல் லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டி ஒன்றை அமைத்தார், அதே ஆண்டு மறைந்தார். அவர் வழியில் வந்தவர்கள் போட்டிக்குப் படம் எடுக்கிற நாளில் ஃபில்டர் குழாய்களைக் கழற்றிவிடுவார்கள். சிலர் நீர்ப்பரப்பு அலைந்து மின்னுவதற்காக மேலே தலைமுடி உலர்த்தியைப் பிடிப்பதும் உண்டு. மாதக்கணக்கில் வளர்த்த தொட்டியின் ஒரே ஒரு நாள் அது. அதன் முதல் மாதத்தை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அதனால் உங்கள் முதல் மாதத்தை அதோடு ஒப்பிடாதீர்கள்.

மீன்கள் செத்தது உங்கள் வீட்டில் யாருக்காவது மனதை உறுத்துகிறதென்றால், மீனே இல்லாமலும் செடித்தொட்டி வைக்கலாம். செடியும் நத்தையும் போதும்.

கடைசியாக வெளியூர்ப் பயணம். வளர்ந்த, ஆரோக்கியமான சிறு மீன்கள் பத்து நாள் தீவனம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். செடித்தொட்டியில் கொறிக்க ஏதாவது இருந்துகொண்டும் இருக்கும். ஆபத்து பசியில் இல்லை, பாவம் என்று கைநிறையத் தீவனம் போடும் பக்கத்து வீட்டுக்காரரிடம். அவரிடம் சாவியைக் கொடுங்கள், தீவன டப்பாவை மட்டும் ஒளித்துவையுங்கள். விளக்கை ஒரு டைமரில் மாட்டி 6 மணி நேரம் வையுங்கள். ஃபில்டர் இரவும் பகலும் ஓடட்டும். நீர் ஆவியாகும் என்பதால் விளிம்புவரை நிரப்பி மூடி போட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் எதையும் மாற்றாதீர்கள், புது மீன் விடாதீர்கள். நீரை மாற்றுவதானால் நான்கைந்து நாள் முன்பே மாற்றிவிடுங்கள். ஏதாவது தவறினால் நீங்கள் பார்த்துச் சரிசெய்ய அவகாசம் இருக்கும். திரும்பி வந்ததும் அம்மோனியாவைச் சோதித்து, கரைந்த இலைகளைக் கத்தரித்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். அதற்குள் கிரிப்டில் புது இலை வந்திருந்தால் எழுதுங்கள்.