தாவரச் சாறும் குழந்தைப் புற்றுநோயும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஒரு மூலிகைச் சாறு நியூரோபிளாஸ்டோமா (குழந்தைகளின் நரம்புத் திசுவில் தோன்றும் புற்றுநோய்) செல்களை ஆய்வகத்தில் அழித்துவிட்டதாகப் படித்தேன். அது எப்போது மருந்தாக வரும்?

பதில்: பெரும்பாலும் வராது. ஆய்வகத் தட்டில் வளரும் செல்களைக் கொல்வது கடினமன்று. உப்பு சற்றுக் கூடினாலே அவை மடிந்துவிடும். ஆகவே செல்கள் இறந்தனவா என்பதைவிட, எவ்வளவு குறைந்த செறிவில் இறந்தன, அதே செறிவில் நலமான செல்கள் பிழைத்தனவா என்பதே முக்கியம். முழுச் சாற்றைப் பொறுத்தவரை, ஒரு மில்லிலிட்டருக்கு 20 அல்லது 30 மைக்ரோகிராமுக்குக் குறைவான செறிவில் பாதிச் செல்கள் இறந்தால்தான் அதைக் கவனிக்கத்தக்கதாகக் கொள்வது ஆய்வாளர் வழக்கம். சாற்றைக் கரைக்கப் பயன்படும் டைமெத்தில் சல்பாக்சைடு போன்ற கரைப்பான்களே செல்களைக் கொல்லக்கூடும் என்பதால், கரைப்பானை மட்டும் சேர்த்த தட்டு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்தார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நித்திய கல்யாணியிலிருந்து வருகிறது என்றால், இலையையே அரைத்துக் கொடுக்கலாமே?

பதில்: கொடுக்கக் கூடாது. ஒரு டன் உலர்ந்த இலையில் சில கிராம் வின்கிரிஸ்டினே இருக்கிறது. அதனுடன் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகள் (நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருள்கள்) கலந்திருக்கின்றன. மருந்தாகக் கொடுக்கும்போது குழந்தையின் உடல் பரப்பைக் கணக்கிட்டு, ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மிகாமல், சிரை (இரத்தக் குழாய்) வழியாக மட்டுமே செலுத்துவார்கள். அளவு கூடினால் நரம்புகள் சேதமடையும்.

இந்தச் செடியின் வரலாறு சுவையானது. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் இதை நீரிழிவுக்காகச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை; எலிகளின் வெள்ளை அணுக்கள்தாம் குறைந்தன. ஒரு கேள்விக்குத் தோற்ற சாறு, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய் என்ற வேறொரு கேள்விக்கு விடையானது. அங்கிருந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மற்றொரு புற்றுநோய் மருந்தும், பின்னர் எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தில் வின்கிரிஸ்டினும் பிரிக்கப்பட்டன. 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் கடும் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நீங்காத இடம் பெற்றிருக்கிறது.

கேள்வி: பெரியவர்களிடம் பயன் தந்த தாவர மருந்தைக் குழந்தைகளிடம் ஏன் தனியாகச் சோதிக்கிறார்கள்?

பதில்: குழந்தைப் புற்றுநோய்கள் பல, கருவில் உருவாகும் திசுக்களின் வளர்ச்சி தடம் மாறுவதால் தோன்றுபவை, பெரியவர்களின் கட்டிகளோடு ஒப்பிட்டால் மரபணு மாற்றங்களும் குறைவு. மேலும், குணமான குழந்தைக்கு இன்னும் பல பத்தாண்டு வாழ்வு உண்டு. போடோபில்லம் செடியின் வேதிப்பொருளை மாற்றியமைத்து உருவாக்கிய எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து பல குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. ஆயினும் அதுவே சிலருக்குப் பின்னாளில் வேறொரு இரத்தப் புற்றுநோயைத் தோற்றுவிக்கிறது.

கேள்வி: கீமோதெரபியுடன் மூலிகைப் பொடி தரலாமா?

பதில்: மருத்துவரிடம் சொல்லாமல் தராதீர்கள். வின்கிரிஸ்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைச் சில மூலிகைகள் தடுக்கும், சில தூண்டும். முன்னதில் நச்சு கூடும், பின்னதில் மருந்தே வீணாகும்.