தடுமாறும் இளம் குவார்ட்டர்பேக் தொழில்முறை ஆட்டத்தில் தேற முடியுமா?

கல்லூரியிலேயே பந்தைக் குறி தவறி எறிந்த ஒரு குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் வீரர்), அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல். போட்டிகளுக்கு வந்த பிறகு அந்தக் குறையைத் திருத்திக்கொள்ள முடியுமா என்பது கேள்வி. முடியும், ஆனால் அது அரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கு ஜாஷ் ஆலனைவிடத் தெளிவான சான்று இல்லை என்பேன். 2018-இல் அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் பஃபலோ பில்ஸ் அணி ஏழாவது தேர்வாக எடுத்த அவர், முதல் பருவத்தில் எறிந்தவற்றில் 52.8 விழுக்காடு மட்டுமே சக வீரர்களின் கைக்குச் சேர்ந்தன. அடுத்த ஆண்டு அது 58.8 ஆகவும், 2020-இல் 69.2 ஆகவும் உயர்ந்தது. தோள்வலிமை அவருக்கு முன்பே இருந்தது. காலை ஊன்றி இடுப்பைத் திருப்பி எறியும் முறையும், எதிரணியின் தடுப்பு அமைப்பைப் பந்து கைக்கு வருமுன்பே கணிக்கும் பழக்கமும்தான் மெல்ல மெல்லச் சீர்ப்பட்டன. தாக்குதல் ஆட்டத்தை வகுத்த பயிற்சியாளர் பிரையன் டேபோல் 2018 முதல் நான்கு பருவங்கள் உடனிருந்ததும், 2020-இல் எறியும் பந்தைப் பிடிக்கும் வீரரான ஸ்டெஃபான் டிக்ஸ் அணிக்கு வந்ததும் இதில் பெரும் பங்கு வகித்தன என்றே கருதுகிறேன்.

ஆகவே, ஓர் இளைஞரைக் கைவிடும் முன் அவரைச் சுற்றி அமைந்தவர்களையும் எடைபோட வேண்டும். அதே 2018-இல் மூன்றாவது தேர்வாக நியூயார்க் ஜெட்ஸ் அணியில் சேர்ந்து, மூன்றே பருவங்களில் வெளியேற்றப்பட்ட குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட், 2024-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை 14 வெற்றிகளுக்கு இட்டுச் சென்றார்.